பிரேக் இல்லாத வண்டியும் ஜிஎஸ்டி சாலை மணலும்

ஸ்பீட்வே பந்தய மோட்டார் சைக்கிளில் பிரேக் கிடையாது. முன்சக்கரத்துக்கும் இல்லை, பின்சக்கரத்துக்கும் இல்லை. 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், ஒரே ஒரு கியர், பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால், எடை 77 கிலோவுக்குக் குறையக் கூடாது என்ற விதி. இவ்வளவுதான் வண்டி. இப்படிப்பட்ட நான்கு வண்டிகள் 300 மீட்டர் சொச்சம் நீளமுள்ள நீள்வட்ட மண்தளத்தில் இடஞ்சுழியாக நான்கு சுற்று ஓடும். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பந்தயம் முடிந்துவிடும். நம் ஊரில் இந்த விளையாட்டு இல்லை. சென்னையின் பந்தய வரலாறு சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் தொடங்கி, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் திறக்கப்பட்ட 3.7 கி.மீ. தார்த் தளத்துக்கு வந்து சேர்ந்தது. தாம்பரத்துக்காரர் வெளிவட்டச் சாலையில் ஏறி நசரத்பேட்டை வழியாகப் போனால் அந்தத் தளத்தை எட்டிவிடலாம். ஆனால் அங்கே மண்ணில் சறுக்கி ஓட்டும் பந்தயத்தைப் பார்க்க முடியாது. ஆனாலும், ஐரோப்பிய மண்தளங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஸ்பீட்வே உலகச் சாம்பியன் போட்டியைத் தாம்பரம் - வேளச்சேரி சாலையில் தினமும் வண்டி ஓட்டுபவர் கவனிக்கக் காரணம் இருக்கிறது. வேறெந்தப் பந்தயத்தையும்விட அது ஒரு உண்மையைத் திரையில்லாமல் காட்டுகிறது: வண்டியை ஓட்டுபவர் ஒருவர், ஆனால் அதைப் பிடித்து வைத்திருப்பது தரை. இரு சக்கர வண்டி விழும்போது நாம் முதலில் ஓட்டியவரையும் அவர் போன வேகத்தையும் பார்க்கிறோம். தரையைக் கடைசியில்கூடப் பார்ப்பதில்லை.

மோட்டார் சைக்கிளின் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. முன்னும் பின்னுமாக இரண்டு உள்ளங்கைகள். முடுக்குவது, நிறுத்துவது, திரும்புவது ஆகிய மூன்றுக்கும் தேவையான விசை முழுவதும் இந்த இரண்டு உள்ளங்கைகள் வழியாகத்தான் வர வேண்டும். தரை தரக்கூடிய உராய்வுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. டயர் மீது அழுத்தும் எடையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் வருவது அந்த வரம்பு. மாதச் சம்பளம் போல அது ஒரே தொகை: திரும்புவதற்குப் பெரும்பகுதியைச் செலவழித்தவருக்கு நிறுத்துவதற்கு மிச்சம் இருக்காது. வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக்கைப் பிடித்தால் வண்டி காலடியிலிருந்து நழுவிப் போவதன் காரணம் இதுதான். கணக்கும் எளிது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, உராய்வுக் குணகம் 0.7 உள்ள உலர்ந்த நல்ல தார்ச்சாலையில், பிரேக் பிடித்த கணத்திலிருந்து 14 மீட்டரில் நின்றுவிடலாம். குணகம் பாதியானால் அதே வேகத்துக்கு 28 மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கில் எஞ்சினின் குதிரைத்திறன் எங்கும் வருவதில்லை, வண்டியின் விலையும் வருவதில்லை. வேகம், புவியீர்ப்பு, தரை என்று மூன்றே எண்கள்.

ஸ்பீட்வே வீரர் இந்த வரம்பை என்ன செய்கிறார் என்பதுதான் சுவாரசியம். இடப்பக்க வளைவில் நுழையும்போது அவர் வேண்டுமென்றே பின்சக்கரத்தை வழுக்க விடுகிறார். வண்டியின் மூக்கு வளைவின் உட்பக்கம் பார்க்கிறது, வால் வெளியே ஒதுங்குகிறது, முன்சக்கரமோ வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. இடது காலில் மாட்டிய எஃகுத் தகடு மண்ணை உரசிக்கொண்டே போகிறது. பார்ப்பவருக்கு இது வண்டி கைவிட்டுப் போன கணம் போலத் தெரியும். உண்மையில் அவர் ஆக்சிலேட்டரை முறுக்கியபடியே இருக்கிறார். பின்சக்கரம் வண்டி நகர்வதைவிட வேகமாகச் சுழன்று மண்ணைப் பின்னால் வாரி இறைக்கிறது. அதற்கு எதிர்வினையாகத் தரை வண்டியை அதன் மூக்கு பார்க்கும் திசையில் தள்ளுகிறது. மூக்கு உட்பக்கம் பார்ப்பதால், அந்தத் தள்ளலின் ஒரு பங்கு வளைவின் மையத்தை நோக்கி இருக்கும். வளைவில் போகும் எந்தப் பொருளுக்கும் தேவைப்படும் மையநோக்கு விசையை, சாலையில் டயரின் பக்கவாட்டுப் பிடிப்பு தருகிறது. இங்கே அதில் ஒரு பங்கை எஞ்சினே தருகிறது. நடுவழுக்கலில் பயந்துபோய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடினால், பின் டயர் திடீரென்று பிடிமானம் பெற்று வண்டி நிமிர்ந்து ஆளைத் தூக்கி எறியும். பிரேக் வைக்காததற்கும் இதே தர்க்கம்தான். வழுக்கலே வேகத்தைத் தின்கிறது. அழுத்த விகிதம் மிகுந்த பெரிய ஒற்றை சிலிண்டரில் ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் எஞ்சினே வண்டியை இழுத்து நிறுத்தும். கையெட்டும் தூரத்தில் நான்கு பேர் ஓடும் இடத்தில் ஒருவர் மட்டும் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் அவர் முதுகில் ஏறுவார்.

மணலில் வழுக்கி ஓட்டுவது இவர்களுக்குக் கைவந்த கலை என்றால், வேங்கைவாசலிலோ பெருங்களத்தூரிலோ சாலையோர மணலில் ஏறிய ஸ்கூட்டி ஏன் நொடியில் சாய்கிறது? இரண்டும் தளர்ந்த மண்தான். வித்தியாசம் ஆழத்தில் இருக்கிறது. ஸ்பீட்வே தளத்தின் மேல்பகுதி நொறுக்கிய கல்லும் கற்பொடியும் ஒட்டுவதற்குக் கொஞ்சம் களிமண்ணும் கலந்தது. அந்தத் தளர்ந்த அடுக்கு சில சென்டிமீட்டர் ஆழம் இருக்கும். ஈரம் வற்றாமல் தண்ணீர் தெளிப்பார்கள். கட்டைகளாக வெட்டிய டயர் அதற்குள் பல் போலப் பதிந்து மண்ணைத் தள்ளுகிறது. அது உரசல் அல்ல, உழவு. ஜிஎஸ்டி சாலையின் நடுத்தடுப்பு ஓரத்தில் சேரும் மணலோ ஒரு மில்லிமீட்டர் படலம். அடியில் இறுகிய தார். டயர் பதிய ஆழமில்லை, தாரைத் தொடவும் மணல் விடுவதில்லை. ஒவ்வொரு மணியும் பேரிங் குண்டு போல உருள்கிறது. ஆழமான மணலில் வண்டி திணறும், அது திணறுவதை ஓட்டுபவர் உணர்ந்துவிடுவார். மெல்லிய மணலோ எந்த எச்சரிக்கையும் தராது. கட்டட வேலை ஓயாத தென் புறநகரில் எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் வேகத்தடையில் குலுங்கி உதிர்ப்பதும், மெட்ரோவுக்காக மேடவாக்கம் பக்கம் தோண்டிய மண் டயர்களில் ஒட்டிப் பரவுவதும் இந்தப் படலத்தைத் தினமும் புதுப்பிக்கின்றன.

இதில் ஒரு முரண்நகை உண்டு. பிடிமானத்துக்கு நல்ல கல் வேண்டும் என்றால் இந்தப் பகுதிக்குக் குறையே இல்லை. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறைக்கு உலகப் புவியியல் வழங்கும் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான் என்று கண்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரைச் சூட்டினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது. இந்தக் குன்றுகளை உடைத்த ஜல்லிதான் பல பத்தாண்டுகளாக நகரின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் போனது. தார்ச்சாலையில் டயரைப் பிடிப்பது தார் அல்ல, தாருக்கு வெளியே தலைநீட்டும் ஜல்லியின் சொரசொரப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்முனைகள் ரப்பரில் குத்தி நிற்கின்றன. லட்சக்கணக்கான சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்து அவற்றை மழுங்கடிக்கும்போது, குழி எதுவும் விழாமலேயே, பார்வைக்கு வழவழவென்று அழகாக இருக்கும்போதே சாலை பிடிமானத்தை இழக்கிறது. குழியைக் கண்டால் புகார் கொடுக்கிறோம். மழுங்கிய சாலைக்கு யாரும் புகார் கொடுப்பதில்லை. நல்ல கல் கீழே இருந்தும் மேலே மணல் படிந்தால் அந்தக் கல் இருந்தும் இல்லாததுதான். கோடையெல்லாம் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் முதல் மழையின் தூறலில் குழைந்து வழுக்கும் பசையாவதும், அடித்துப் பெய்த பிறகு அதே சாலை ஓரளவு பிடிமானம் பெறுவதும் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. அந்த நேரத்தில் வெள்ளைக் கோட்டுப் பெயின்ட், பாதாளச் சாக்கடை இரும்பு மூடி, பள்ளத்தை மூடிப் போட்ட எஃகுத் தகடு மூன்றும் சாலைக்குள் பதிந்த சறுக்குப் பலகைகள்.

தரையே முதன்மை என்ற வாதத்துக்கு வலுவான சான்று பந்தய சீசனின் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பீட்வே உலகப் பட்டம் 1936இல் லண்டன் வெம்ப்ளியில் ஒரே இரவு இறுதிப்போட்டியாகத் தொடங்கியது. முதல் வெற்றி ஆஸ்திரேலியாவின் லயனல் வான் பிராக்குக்கு. 1995இலிருந்து அது பல ஊர்களில் நடக்கும் கிராண்ட் பிரீ தொடராக மாறியது. ஒரு சுற்றில் 16 வீரர்கள், தலா நான்கு பேர் ஓடும் 20 முதற்கட்ட ஓட்டங்கள். 16 பேரில் எத்தனை ஜோடி? 120. ஓர் ஓட்டத்தில் ஆறு ஜோடிகள் மோதுகின்றன. இருபது ஓட்டத்தில் சரியாக 120. அதாவது ஒவ்வொருவரும் மற்ற பதினைந்து பேரையும் ஒரே ஒரு முறை, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் சந்திக்கும்படி அட்டவணை நெய்யப்பட்டிருக்கிறது. சேர்மானக் கணிதம் படித்தவர்கள் இதைப் பார்த்தால் ஒரு புன்னகை பூப்பார்கள். ஆளுக்கு ஆள் இவ்வளவு துல்லியமாகச் சமன்செய்த அட்டவணையாலும் சமன்செய்ய முடியாத ஒன்று தரை. முதல் ஓட்டத்தின் தளம் இருபதாவது ஓட்டத்தில் இல்லை. சக்கரங்கள் வாரி இறைத்த மண் வெளிவிளிம்பில் போய்ச் சேர்கிறது. உள்வட்டம் இறுகி வழுக்குகிறது. மாலையின் தொடக்கத்தில் குறுகிய உள்பாதையில் வென்றவர், இரவு ஏற ஏற நீண்ட வெளிப்பாதையைத் தேடிப் போகிறார், ஏனென்றால் பிடிமானம் அங்கே குடிபெயர்ந்துவிட்டது. அதனால்தான் சில ஓட்டங்களுக்கு ஒருமுறை டிராக்டர் இறங்கி மண்ணைச் சீவிப் பரப்புகிறது, தண்ணீர் லாரி சுற்றி வருகிறது. தரையைப் பராமரிப்பது அங்கே ஆட்டத்தின் பகுதி.

அந்தப் பராமரிப்பு தவறினால் ஆட்டமே நின்றுவிடும். 2008இல் ஜெர்மனியின் கெல்சன்கிர்ச்சன் கால்பந்து அரங்கில் நடக்க வேண்டிய சீசன் இறுதிச் சுற்றுக்கு மண்ணைக் கொண்டுவந்து தற்காலிகத் தளம் போட்டார்கள். மழையில் ஊறிய அந்த மண் இறுகவில்லை. போட்டி ரத்தாகி, போலந்தின் பிட்கோஷுக்கு மாற்றப்பட்டது. 2015 ஏப்ரலில் வார்சா தேசிய அரங்கில் இன்னும் பெரிய சங்கடம். அரங்கம் நிறைந்த கூட்டம், போலந்தின் பெருமைக்குரிய வீரர் தோமாஷ் கொல்லோப் விடைபெறும் இரவு. தொடக்கக் கயிற்று இயந்திரம் மக்கர் செய்தது, அவசரமாகப் போட்ட தளம் பெயர்ந்து சிதைந்தது, 12 ஓட்டங்களோடு எல்லாம் நிறுத்தப்பட்டது. உலகின் தேர்ந்த பதினாறு பேர் அங்கே இருந்தார்கள். எஞ்சின்களில் குறையில்லை. தரை மட்டும் மறுத்தது. ‘ஓட்டத் தெரியாதவர்கள்’ என்று அன்று யாரும் அவர்களைச் சொல்லவில்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். தரைதான் தீர்மானிக்கிறது என்றால் ஒரே ஆள் ஏன் திரும்பத் திரும்ப வெல்கிறார்? போலந்தின் பர்த்தோஷ் ஸ்மார்ஸ்லிக் 2019, 2020, 2022, 2023, 2024, 2025 என்று ஆறு பட்டங்கள் வென்று, நியூசிலாந்தின் ஐவன் மாகர், ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் ஆகியோரின் சாதனையைச் சமன்செய்திருக்கிறார். ஆறாவது பட்டத்தில் அவருக்கும் ஆஸ்திரேலியாவின் பிராடி கர்ட்ஸுக்கும் இடைவெளி ஒரே ஒரு புள்ளி. பல நாடுகளில், பல தளங்களில் ஓடிக் கிடைத்த வெற்றி இது. திறமைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? சரியான கேள்வி. ஆனால் அந்தத் திறமை எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். ஒரே வகை எஞ்சின், ஒரே கியர், பிரேக் இல்லை. வீரருக்கு வீரர் மாறுபட மிச்சமிருப்பது தரையை வாசிப்பதுதான். எந்த வளைவில் மண் குவிந்திருக்கிறது, எது காய்ந்துவிட்டது, போன ஓட்டத்தில் இருந்த பள்ளம் இப்போது ஆழமாகிவிட்டதா என்று அவர்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் கணக்கிடுகிறார்கள். அதற்கேற்பப் பல்சக்கரத்தைக்கூட மாற்றுகிறார்கள். வீரரின் திறமை தரையின் அதிகாரத்தை ஒப்புக்கொள்வதிலிருந்து தொடங்குகிறது. அவர் ஓடும் தளம் அரங்க விளக்குகளில் முழுதாகக் கண்முன் இருப்பது, ஒவ்வொரு சுற்றும் அதே வளைவு திரும்ப வருவது ஆகிய இரண்டு சலுகைகளும் செம்பாக்கத்திலிருந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புபவருக்குக் கிடையாது.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது: எண்கள் வேகத்தைத்தானே குற்றம் சாட்டுகின்றன? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். உயிரிழப்புகளில் 71.2 விழுக்காட்டுக்கு அதிவேகம் காரணம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. வேகம் கொல்லும் என்பதில் ஐயமில்லை. நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகத்தை இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. ஆனால் ‘அதி’ என்ற முன்னொட்டு எதை ஒப்பிட்டு வருகிறது? பலகையில் எழுதிய எண்ணையா, அந்தக் கணத்தில் தரை தாங்கக்கூடிய வேகத்தையா? மேலே சொன்ன கணக்கில் குணகம் பாதியானால், அதே 14 மீட்டரில் நிற்க வேகம் 35 கி.மீ.யாக இருந்திருக்க வேண்டும். 50இல் வந்தவர் சட்டப்படி குற்றமற்றவர், இயற்பியல்படி அதிவேகக்காரர். தரையை மாற்றாமல் அவரை மட்டும் மாற்றச் சொல்வது பாதிச் சமன்பாட்டைப் படிப்பது. மீதிப் பாதி சாலையை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது: நெடுஞ்சாலைத் துறை, 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, பள்ளம் தோண்டிய ஒப்பந்தக்காரர். இதைச் சொல்வது வேகமாகப் போகிறவருக்கு வக்காலத்து வாங்குவது ஆகாது. கணக்கில் இரண்டு பேர் பெயரும் வர வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

தொழில்நுட்பம் இதைத் தீர்த்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏபிஎஸ்ஸைக் காட்டுவார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது இரு சக்கர வண்டிகளுக்கும் அது கட்டாயம். சிறிய வண்டிகளுக்கு இரு பிரேக்குகளையும் இணைக்கும் அமைப்பு போதும் என்றார்கள். நல்ல விதி. சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடாமல், பிரேக்கை நொடிக்குப் பல முறை தளர்த்தி இறுக்கி, தரை தரும் உராய்வின் உச்சத்தருகே ஏபிஎஸ் வண்டியை வைத்திருக்கிறது. பதறிப்போய் முன்பிரேக்கை முழுதும் பிடிக்கிறவரை அது காப்பாற்றும். ஆனால் அது இருக்கும் உராய்வைச் சிக்கனமாகப் பங்கிடுகிற கணக்குப்பிள்ளை; உராய்வை உற்பத்தி செய்யும் முதலாளி அல்ல. ரேஷன் கடையில் எடைபோடுபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் மூட்டை வரவில்லை என்றால் அரிசி இல்லை. சாதாரண ஏபிஎஸ் வண்டி நிமிர்ந்து ஓடும்போது சிறப்பாக வேலை செய்யும். சாய்ந்து திரும்பும்போது மணலில் ஏறினால், உராய்வு ஏற்கெனவே திருப்பத்துக்குச் செலவாகிவிட்ட நிலையில், அதனால் செய்யக்கூடியது சொற்பம்.

கடைசியாக ஒரு நடைமுறை மறுப்பு. 300 மீட்டர் தளத்தை டிராக்டர் வைத்துச் சீவலாம். ஒரு மாநகராட்சியின் தெருக்களை எல்லாம் அப்படிச் செய்ய முடியுமா? பந்தயத்தில் ஓடுபவர்கள் தோல் உடையும் தலைக்கவசமும் அணிந்து, ஒரே திசையில், ஒரு நிமிடம் ஓடுகிறார்கள். சாலையில் எதிரே பேருந்து வருகிறது, குறுக்கே மாடு வருகிறது, பின்னிருக்கையில் குழந்தை இருக்கிறது. உண்மை, ஒப்பீடு அந்த அளவுக்கு நீளாது. நீள வேண்டியதும் இல்லை. மணல் சாலை முழுதும் சமமாகப் படிவதில்லை. சக்கரங்கள் ஓடும் தடத்தில் அது தங்காது. காற்றும் டயரும் அதை ஒதுக்கித் தள்ளும் இடங்களில்தான் சேரும். நடுத்தடுப்பின் ஓரம், யு-திருப்பத்தின் வயிறு, மேம்பாலம் இறங்கிச் சாலையோடு சேரும் முனை, தண்ணீர் வடிந்து நின்ற பள்ளத்தின் விளிம்பு. வண்டிகள் சாய்வதும் பிரேக் பிடிப்பதும் இதே இடங்களில்தான் என்பது நம் துரதிர்ஷ்டம், கூடவே ஒரு வசதியும். பெருக்க வேண்டிய நீளம் சாலையின் சிறு பகுதிதான். தரையைக் கவனிக்கும் கலை இந்த நகரத்துக்குத் தெரியாததும் அல்ல. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருவில் ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடியபோது, மழையாலும் தளச் சோதனை முடியத் தாமதமானதாலும் முதல் நாள் ஓட்டங்கள் தள்ளிப்போயின. சர்வதேச அமைப்பு ஒப்புதல் தரும் வரை ஒரு சக்கரமும் சுழலவில்லை. கொடிமரச் சாலையில் ஓர் இரவுக்குக் கேட்கப்பட்ட கேள்வியை முடிச்சூர் சாலையில் ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கேட்கலாம். சாலையின் வழுக்கலை அளக்க ஊசல் போல ஆடும் சிறு கருவி பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. வேண்டிய இடத்துக்குத் தூக்கிப் போகலாம்.

விபத்தைப் பதிவுசெய்யும் முறை மாறினால் இதற்கெல்லாம் சான்று சேரும். சென்னை ஐஐடியும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில், காவலர் செல்பேசியில் இடத்தையும் படத்தையும் பதிந்தபின் சாலைத் துறைப் பொறியாளரும் நேரில் பார்த்துத் தன் பங்கை நிரப்ப வேண்டும். குழியோ, வளைவின் கோளாறோ, எரியாத விளக்கோ என்றால் அவர் பார்க்கும்போதும் அது அங்கேயே இருக்கும். மணல் அப்படி இல்லை. வண்டி விழுந்த அரைமணி நேரத்தில் யாரோ ஒரு கடைக்காரர் அந்த இடத்தைப் பெருக்கிவிடுகிறார், அல்லது பின்னால் வந்த நூறு வண்டிகள் அதைச் சிதறடித்துவிடுகின்றன, அல்லது மழை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பொறியாளர் வரும்போது நல்ல சார்னோகைட் ஜல்லி போட்ட, குழியில்லாத, ஈரம் காய்ந்த சாலை இருக்கும். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே ஒரு சொல் நிரம்பியிருக்கும்.